தவறியவர் யார் என்று கேட்ட பிறகு

1978ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நள்ளிரவை நெருங்கும் வேளையில், ஹஜ் கடமையை நிறைவேற்றிவிட்டு ஜித்தாவிலிருந்து இந்தோனேசியாவின் சுரபாயா நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர்களைச் சுமந்து வந்த ஐஸ்லாந்து நாட்டு டீ.சி.8 ஜெட் விமானமொன்று, இடைவழியில் இலங்கையின் கட்டுநாயக்கா விமானநிலையத்தில் இறங்க முயன்றபோது, மழைக்கும் இருளுக்கும் நடுவே ஓடுபாதையை எட்டாமல், அதற்கு ஒரு மைலுக்குச் சற்றே கூடிய தூரத்திலிருந்த தென்னந்தோட்டத்தில் வீழ்ந்து நொறுங்கிற்று. அதில் இருந்த 262 பேரில் 183 பேர் மாண்டனர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு பத்து மணிக்குச் சற்றுப் பின்னர், அதே சுரபாயாவிலிருந்து அதே யாத்திரைக்காகப் புறப்பட்டு வந்த நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்து டீ.சி.8 விமானம், அதே கட்டுநாயக்காவில் இறங்குவதற்காக உயரம் குறைத்து வருகையில், மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள சப்த கன்னியர் மலைத்தொடரில் மோதியது. அதிலிருந்த 191 பேரில் ஒருவரேனும் தப்பவில்லை. போகும் வழியில் ஒரு கூட்டம், திரும்பும் வழியில் ஒரு கூட்டம், ஆக 374 மனிதர்கள் நம்முடைய மண்ணில் இறந்துபோனார்கள். இலங்கையின் ஆகாயப் போக்குவரத்துச் சரித்திரத்தில் இவற்றினும் பெரிய விபத்துகள் வேறில்லை. ஆயினும் இவ்விரண்டு இரவுகளைப் பற்றியும் நம்முடைய பாடநூல்கள் பேசுவதில்லை, மேடைகளும் பேசுவதில்லை.

மாண்டவர்கள் அந்நியர் என்பதனால் அவர்களை நாம் மறந்தோம் என்றால், திருகோணமலை மாவட்டத்தில் வாழும் எங்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒரு வீட்டிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படுவதென்றால், அது அந்த வீட்டார் பல வருஷங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தின் பயன் என்பதையும், புறப்படுவதற்கு முன் அந்தப் பெரியவர் உறவினர் வீடுகளுக்கும் அயலவர் வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகச் சென்று, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி கேட்டு, கடன்களைத் தீர்த்து, பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியவற்றைச் சொல்லிவிட்டே வண்டி ஏறுவார் என்பதையும் அறிந்தவர்கள் நாங்கள். இந்தோனேசியாவின் கிராமங்களிலிருந்து வந்தவர்களும் அவ்வாறே வந்திருப்பார்கள். அவர்கள் தம்மை ஒப்புக்கொடுத்தது இறைவனிடத்தில் என்றாலும், இந்த உலகத்தைப் பொறுத்தமட்டில் அவர்கள் தம் உயிரை ஒப்படைத்தது விமானத்தின் முன்னறையில் அமர்ந்திருந்த சிலரிடத்திலும், கீழே கட்டுப்பாட்டு நிலையத்தில் ஒலிவாங்கியைப் பிடித்திருந்த சிலரிடத்திலும் ஆகும். அந்தச் சிலர் தம் கடமையை எவ்வாறு செய்தார்கள் என்று கேட்பது பிணங்களை எண்ணி முடித்தபின் செய்யும் சடங்கு அன்று; அது உயிரோடிருக்கும் நமக்குரிய உரிமை.

விசாரணைகள் நடந்தன. இரண்டிலும் பிரதான காரணம் விமானிகளின் பிழையே என்று நம்முடைய நாட்டு அறிக்கைகள் தீர்மானித்தன. 1978ஆம் ஆண்டு விபத்தில், இறங்குவதற்கென விதிக்கப்பட்ட முறையை அவர்கள் கைக்கொள்ளவில்லை, உயரத்தைக் காட்டும் கருவிகள் அனைத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நிலையில் மேலெழுந்து திரும்பியிருக்க வேண்டிய உயரத்தில் அவ்வாறு எழவில்லை, துணை விமானி அறிவித்திருக்க வேண்டிய உயரங்களை அறிவிக்கவில்லை என்பன சொல்லப்பட்ட குறைகள். 1974ஆம் ஆண்டு விபத்தில், விமானநிலையத்திலிருந்து தாம் எங்கே இருக்கிறோம் என்பதையே விமானிகள் பிழையாக அறிந்து, மலைகளின் மேல் இருக்கும்போதே பத்திரமான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள் என்றும், விமானத்திலிருந்த டொப்ளர் என்னும் வழியறியும் சாதனத்தையும் வானிலை ராடரையும் நம்பியதே பிழையான அறிவுக்கு இடம்தந்தது என்றும் எழுதப்பட்டது.

இந்தத் தீர்மானங்களை நான் மறுக்க வரவில்லை. கருவிகளின் துணைகொண்டு இறங்கும் முறை எத்தகையது என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தால், அந்தப் பிழை எவ்வளவு பெரியது என்பது விளங்கும். ஓடுபாதையின் அருகிலிருந்து இரண்டு வானொலிக் கதிர்கள் வெளியே விடப்படுகின்றன. ஒன்று விமானம் இடமோ வலமோ விலகாமல் நேரே வருவதற்கு, மற்றொன்று அது ஏறத்தாழ மூன்று பாகைச் சரிவில் படிப்படியாக இறங்குவதற்கு. அந்தச் சரிவிலே வரும் விமானம் ஓடுபாதைக்கு ஒரு மைல் தூரத்தில் இருக்கும்போது தரைக்கு மேல் ஏறக்குறைய 300 அடியிலாவது இருக்கவேண்டும். கட்டுநாயக்காவில் அன்று அந்த ஐஸ்லாந்து விமானம் அந்த இடத்தில் தென்னைகளின் உயரத்தில் இருந்தது. விமானத்தைச் செலுத்துபவர் ஒருவர், அவர் செலுத்துவதைக் கண்காணிப்பவர் மற்றொருவர் என்று வேலை பிரிக்கப்பட்டிருப்பதும் இதற்காகவே. கண்காணிப்பவர் தம் முன்னுள்ள உயரமானியைப் பார்த்து, ஆயிரம், ஐந்நூறு என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வரவேண்டும். தீர்மான உயரம் வந்ததும் ஓடுபாதை தெரிகிறதா இல்லையா என்று சொல்லவேண்டும். தெரியவில்லை என்றால் செலுத்துபவர் ஒரு கணமும் தாமதியாமல் இயந்திரங்களுக்கு முழு விசையையும் கொடுத்து மேலெழுந்துவிட வேண்டும். எழுந்து சுற்றி வந்து மறுபடியும் முயலலாம்; வேறொரு விமானநிலையத்துக்குப் போகலாம்; யாருக்கும் எந்த நட்டமும் இல்லை, சிறிது எண்ணெயையும் சிறிது நேரத்தையும் தவிர. அந்தத் தென்னந்தோட்டத்தின் மேல் அன்றிரவு ஒருவருடைய வாயிலிருந்து ஓர் இலக்கம் உரிய நேரத்தில் வந்திருந்தால், 183 பேரும் மறுநாட் காலையில் தம் ஊர்களை நோக்கிப் பறந்துகொண்டிருப்பார்கள் என்று எண்ணுகையில் மனம் பதறுகிறது.

ஆனால் அறிக்கை அங்கே முடிந்தாலும் விஷயம் அங்கே முடிவதில்லை. அந்த 1978ஆம் ஆண்டு விபத்தைப் பற்றி ஐஸ்லாந்து நாட்டவர் நம்முடைய தீர்ப்பை ஏற்கவில்லை. கட்டுநாயக்காவிலிருந்த கருவி இறங்குமுறைச் சாதனம் சரிவரப் பராமரிக்கப்படவில்லை என்றும், தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் பக்கத்திலும் பிழைகள் இருந்தன என்றும் அவர்கள் வாதித்தார்கள். இதில் யார் கட்சி முழுவதும் நியாயம் என்று தீர்த்துச் சொல்லும் தகுதி என்னிடம் இல்லை. எனினும் விமானத்தை அனுப்பிய நாடு தரையையும், தரையை வைத்திருந்த நாடு விமானிகளையும் சுட்டிக்காட்டியது தற்செயல் என்று நான் கருதவில்லை. ஒவ்வொருவரும் தம் கைக்கு எட்டாத இடத்திலேயே குற்றத்தைக் கண்டார்கள். இறந்த விமானிகளின் பெயரில் குற்றத்தை எழுதுவதில் உள்ள சௌகரியம் வேறெதிலும் இல்லை. அவர்களுக்கு உத்தியோகம் போகாது, ஓய்வூதியம் நிறுத்தப்படாது, அவர்கள் எழுந்து வந்து மறுமொழியும் சொல்லமாட்டார்கள். தரையிலுள்ள ஒரு சாதனத்தின் பெயரில் எழுதினால், அதை வாங்கியவர் யார், பரிசோதித்ததாகக் கையொப்பமிட்டவர் யார், பணம் ஒதுக்காதவர் யார் என்று கேள்விகள் நீளும்.

மலையில் மோதிய விமானத்தின் விஷயம் இதனை இன்னும் தெளிவாக்குகிறது. விமானிகள் தம் தூரத்தை அறிவித்தார்கள். அந்தத் தூரத்தை நம்பிக் கொழும்புக் கட்டுப்பாட்டாளர் முதலில் 5,000 அடிக்கும், பின்னர் 2,000 அடிக்கும் இறங்க அனுமதி கொடுத்து, ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்ததும் சொல்லும்படி கேட்டார். விமானமோ அப்போது கட்டுநாயக்காவுக்குக் கிழக்கே இன்னும் ஏறத்தாழ 40 கடல் மைல் தூரத்தில், மத்திய மலைநாட்டின் சிகரங்களுக்கு மேலே இருந்தது. அது மோதிய இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,355 அடி. மேலே இருந்தவர்கள் தாம் சமவெளிக்கு வந்துவிட்டோம் என்று எண்ணினார்கள்; கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்கள் சொன்னதை எண்ணினார்கள்; மலை இருவருடைய எண்ணத்திலும் இல்லை. ஒருவரை ஒருவர் சரிபார்த்திருக்க வேண்டிய இரண்டு தரப்பும் ஒரே பிழையான எண்ணைப் பங்கிட்டுக்கொண்டன.

எங்கள் துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு இந்த நிலைமை ஏற்படாதபடி பழங்காலத்திலேயே ஒரு வழக்கம் வகுத்திருக்கிறார்கள். எத்தனை சமுத்திரங்களைக் கடந்து வந்த கப்டனாக இருந்தாலும், கொட்டியாரக் குடாவுக்குள் நுழைந்து உள்துறைமுகத்தை அடைவதற்கு முன், இந்த நீரின் ஆழத்தையும் பாறைகளையும் தன் கைரேகைபோல் அறிந்த துறைமுக வழிகாட்டி ஒருவர் படகில் சென்று, கயிற்றேணியைப் பிடித்து ஏறி, அந்தக் கப்டனின் பக்கத்தில் நின்றுகொள்கிறார். பொறுப்பு கப்டனுடையதே, ஆனால் இடத்தை அறிந்தவன் அருகில் இருக்கிறான். ஆகாயத்தில் அவ்வாறு ஏறிக்கொள்ள ஒருவரும் இல்லை. அந்நிய நாட்டு விமானிக்கு இந்த மண்ணைப் பற்றிச் சொல்லக்கூடியது தரையிலிருந்து வரும் குரலும், தரையிலிருந்து வரும் கதிரும், அவன் மடியிலிருக்கும் வரைபடமுமே. அவை ஒவ்வொன்றும் மெய் சொல்லவேண்டும். மெய் சொல்லாவிட்டாலும், பொய் என்று அறிந்துகொள்ள மற்றொரு வழியாவது இருக்கவேண்டும்.

இதிலே சரித்திரத்தின் ஒரு கொடுமையான பொருத்தம் உண்டு. சப்த கன்னியர் மலையில் அந்த விமானம் மோதுவதற்குச் சரியாக மூன்று நாட்களுக்கு முன், 1974 டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவில் வாஷிங்டனுக்கு அண்மையிலுள்ள டல்லஸ் விமானநிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த டீ.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 விமானம் வெர்ஜீனியாவின் வெதர் மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டார்கள். அங்கேயும் கட்டுப்பாட்டாளர் இறங்கும் முயற்சிக்கு அனுமதி கொடுத்தார். அந்த அனுமதி தம்மை 1,800 அடிக்கு உடனே இறங்க விடுகிறது என்று விமானிகள் கருதினார்கள். இடையில் மலை இருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அந்த நாட்டு விசாரணைச் சபை விமானிகள் உரிய காலத்துக்கு முன் இறங்கிய குற்றத்தோடு, கட்டுப்பாட்டு முறைகளிலிருந்த தெளிவின்மையையும் சேர்த்தே எழுதிற்று. அதோடு நிற்காமல், தரை நெருங்குவதை அறிந்து விமானிக்குக் குரல்கொடுத்து எச்சரிக்கும் கருவியை, டொன் பேட்மன் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய அந்தக் கருவியை, பெரிய ஜெட் விமானங்கள் யாவும் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கம் கட்டளையிட்டது. இன்று உலகத்தின் பெரும்பாலான ஜெட் விமானங்களில் அந்தக் குரல் இருக்கிறது. எத்தனை ஆயிரம் உயிர்கள் அதனால் காக்கப்பட்டன என்பது கணக்கிட முடியாதது. இரண்டு மலைகள், மூன்று நாட்கள், ஒரே விதமான மரணம். ஒன்றிலிருந்து உலகம் ஒரு பாதுகாப்பைப் பெற்றுக்கொண்டது. மற்றொன்றிலிருந்து நாம் பெற்றுக்கொண்டது நோட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டிருக்கும் அந்த விமானத்தின் சக்கரம் ஒன்று.

கட்டுநாயக்கா விபத்துக்கு ஆறு வாரங்களுக்குப் பின்னர் நடந்த ஒரு சம்பவமும் இங்கே நினைக்கத் தக்கது. 1978 டிசம்பர் 28ஆம் திகதி, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தின் மேல், இறங்கு சக்கரத்தில் ஏற்பட்ட ஒரு கோளாற்றைப் பற்றியே சிந்தித்துக்கொண்டு வட்டமிட்ட யுனைட்டட் நிறுவனத்தின் டீ.சி.8 விமானமொன்று எரிபொருள் முற்றும் தீர்ந்து வீழ்ந்தது. எரிபொருள் குறைவது முன்னறையில் இருந்த மற்றவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அவர்கள் சொல்லவும் செய்தார்கள். ஆனால் கப்டனின் கவனத்தைத் தட்டி எழுப்பும் விதத்தில் சொல்லவில்லை. அதன் பிறகுதான், மறுவருஷம் நாசா கூட்டிய ஆராய்ச்சி அரங்கத்திலிருந்து தொடங்கி, விமானத்தைச் செலுத்தும் சாமர்த்தியம் மட்டும் போதாது, முன்னறையில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசும் முறையையும் கற்பிக்கவேண்டும் என்ற கொள்கை பிறந்தது. இளையவன் மூத்தவனிடம் எவ்வாறு துணிந்து சொல்வது, மூத்தவன் அதை எவ்வாறு சினங்கொள்ளாமல் ஏற்பது என்பவை பாடங்களாயின.

பாடம் வந்துவிட்டது என்பதால் மனிதர் மாறிவிட்டார் என்று சொல்வதற்கில்லை. 2010 மே 22ஆம் திகதி மங்களூரில், துபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மலைமுகட்டில் அமைந்த ஓடுபாதையில் மிகத் தாமதமாகத் தரைதொட்டு, விளிம்பைக் கடந்து பள்ளத்தாக்கில் வீழ்ந்தபோது 158 பேர் மாண்டனர்; எட்டுப் பேர் மட்டுமே பிழைத்தனர். வழியில் நெடுநேரம் உறங்கிப்போயிருந்த கப்டன், விமானம் உரிய சரிவுக்கு மேலே வருகிறது என்பதை அறிந்தும் கீழே தள்ளினார். மேலெழுந்துவிடும்படி துணை விமானி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொன்னார் என்பது குரற்பதிவுப் பெட்டியில் பதிந்திருக்கிறது. பத்து வருஷங்களின் பின், 2020 ஆகஸ்ட் 7ஆம் திகதி, அதே நிறுவனத்தின் மற்றொரு விமானம் கோழிக்கோட்டில், அதே போன்ற ஒரு மலைமுகட்டு ஓடுபாதையில், பெருமழையில், பின்னிருந்து வீசும் காற்றோடு இறங்கி, 8,858 அடி நீளமான பாதையில் பாதித் தூரத்தில், 4,438 அடியிலே தரைதொட்டு, முடிவில் உடைந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தனர். அங்கேயும் துணை விமானியின் குரல் பதிவில் இருந்தது. கப்டன் பக்கத்துக் கண்ணாடியின் நீர் துடைப்பான் வேலைசெய்யவில்லை. மறுநாட் காலையில் அதே நிலையத்திலிருந்து வேறொரு விமானத்தைச் செலுத்தவேண்டிய கப்டன் அவராகவே இருந்தார் என்பதையும், அங்கே போதிய கப்டன்கள் நியமிக்கப்பட்டிருக்கவில்லை என்பதையும் இந்திய விசாரணை அறிக்கை எடுத்துக் கூறியது. இறங்கவேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் அவருடையதுதான். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கால அட்டவணையும் உரம் போட்டிருந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1973 மே 31ஆம் திகதி, சென்னையிலிருந்து டில்லிக்குப் போன இந்தியன் எயார்லைன்ஸ் போயிங் 737 விமானம் புழுதிப் புயலில் ஓடுபாதை தெரியாமலே தீர்மான உயரத்துக்குக் கீழே இறங்கி வீழ்ந்ததில், தமிழகம் தந்த அறிஞரும் அந்நாளைய மத்திய மந்திரியுமான மோகன் குமாரமங்கலம் உட்பட 48 பேரை இழந்தோம். இடமும் வருஷமும் வேறானாலும் காரணம் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கிறது. பிளைட் சேப்டி பவுண்டேஷன் என்னும் சர்வதேச ஸ்தாபனம் ஆராய்ந்து கண்டது யாதெனில், நிலைபெறாத முறையில் வரும் இறங்கல்களில், மேலெழுந்துவிட வேண்டும் என்று விதி கட்டளையிடும் சந்தர்ப்பங்களில், 100க்கு 97 தடவை விமானிகள் எழாமல் இறங்கவே செய்கிறார்கள் என்பதாகும். பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. ஒன்றும் நேராத ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்குத் துணிவு கொடுக்கிறது.

ஆகவே விமானிகளின் பிழை என்று சொல்லும்போது, ஒரு மனிதனின் கை தவறிய கணத்தை மாத்திரம் நாம் பார்க்கக்கூடாது. அந்தக் கையைத் தடுக்க அருகில் ஒருவன் இருந்தானா, அவன் பேசினானா, பேச அவனுக்கு உரிமை இருந்ததா, எழுந்து சுற்றிவந்த கப்டனை நிறுவனம் மெச்சுமா அல்லது எண்ணெய்ச் செலவுக்குக் கணக்குக் கேட்குமா என்பவற்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனத்தின் உடன்படிக்கையில், விபத்து விசாரணைகளைப் பற்றிய பதின்மூன்றாம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பதே, பழியையோ பொறுப்பையோ சுமத்துவது அன்று என்று ஐயத்துக்கு இடமில்லாமல் கூறுகிறது. இலங்கையும் அந்த உடன்படிக்கையில் அடங்கிய நாடே.

இங்கே நம் சமூகத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது; சொல்வதற்குத் தயக்கமாகவும் இருக்கிறது. பெரியவர் முன் குரலை உயர்த்தாதே, வாத்தியாருக்கு மறுமொழி சொல்லாதே, மேலதிகாரி சொன்னபின் கேள்வி கேட்காதே என்று நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்தப் பணிவிலே அழகு உண்டு. அதை முற்றாகக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பிலே கரும்பலகையில் ஆசிரியர் பிழையாக எழுதிய கணக்கைக் கண்டும் வாய்திறவாமல் கொப்பியில் அப்படியே எழுதிக்கொள்ளும் பிள்ளை, இருபத்தைந்தாவது வயதில் ஒரு விமானத்தின் வலப்பக்க ஆசனத்தில் அமர்ந்து, முப்பது வருஷ அனுபவமுள்ள கப்டன் மலையை நோக்கி இறங்குகையில், ‘சேர், எழும்புங்கோ’ என்று எவ்வாறு உரக்கச் சொல்வான்? ஒரு தடவை மெல்லச் சொல்வான்; கப்டன் கேளாததுபோல் இருந்தால் அடங்கிவிடுவான். தொடர்ந்து சொல்லவும், மூன்றாம் தடவை தானே கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவும் அவனுக்கு விதி அனுமதி கொடுக்கிறது, வளர்ப்பு கொடுப்பதில்லை. எங்கள் சீனக்குடாவில் விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. இந்த நாட்டின் இளம் விமானிகள் பலர் முதன்முதலாகத் தரையை விட்டு எழுவது எங்கள் குடாக்களுக்கு மேலேதான். 2023 ஆகஸ்ட் 7ஆம் திகதி அங்கே ஒரு பயிற்சி விமானம் வீழ்ந்து இருவர் உயிரிழந்தபோது இந்த ஊர் துக்கப்பட்டது. அங்கே பயிலும் பிள்ளைகளுக்கு அணிவகுப்பையும் வணக்கத்தையும் கற்பிக்கும் அதே சிரத்தையோடு, மேலதிகாரியின் பிழையை அவர் முகத்துக்கு நேரே சொல்வதையும் கற்பிக்கவேண்டும் என்று கேட்பது கட்டுப்பாட்டுக்கு விரோதமான கோரிக்கை ஆகாது.

பழியைக் கடைசிக் கையில் போட்டுவிட்டு எழுந்துவிடும் இந்தப் பழக்கம் ஆகாயத்துக்கு மாத்திரம் உரியதும் அன்று. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகள் நீரில் மூழ்கி இறந்ததை எங்களில் யார் மறந்தார்கள்? படகை நடத்தியவர்கள் கைதானார்கள். அவர்கள் பிழை செய்திருந்தால் தண்டனை பெறட்டும். ஆனால் பழைய பாலத்தை அகற்றிவிட்டுப் புதிய பாலத்தைக் கட்டி முடிக்கும்வரை, அந்த மக்கள் கடப்பதற்குப் பத்திரமான வழி என்ன என்று திட்டத்தை எழுதியவர்கள் யோசித்தார்களா என்ற கேள்வி, கைவிலங்கு பூட்டுவதைப்போல் அவ்வளவு சுலபமாகத் தீர்க்கக்கூடியது அன்று. தாய்மார் அந்தக் கரையில் நின்று கேட்ட கேள்வியும் அதுவே.

இப்போது சீனக்குடாவைப் பற்றிப் பேசவேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆங்கிலேயர் தம் ஆகாயப்படைக்காக விரிவாக்கிய அந்த ஓடுபாதையில் இன்று உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிய சிறு விமானங்கள் வந்துபோகின்றன. நிலாவெளியின் கடற்கரைக்கும் கோணேசர் கோவிலுக்கும் வருவோர் தொகை பெருகப் பெருக, இங்கே பெரிய ஜெட் விமானங்கள் நேரே வந்து இறங்கவேண்டும் என்ற ஆசை வியாபாரிகளிடத்திலும் அரசியல்வாதிகளிடத்திலும் அடிக்கடி வெளிப்படுகிறது. பலாலியும் மட்டக்களப்பும் சர்வதேச விமானநிலையங்களாகப் பெயர் பெற்றுவிட்டபின், உலகப் புகழ்பெற்ற துறைமுகத்தை வைத்துக்கொண்டு நாம் ஏன் பின்தங்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதனால் வேலை கிடைக்கும் என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் திட்டங்களைப் பற்றிய பேச்சுகளில் ஓடுபாதையின் நீளம் பேசப்படுகிறது. பிரயாணிகள் மண்டபத்தின் அழகு பேசப்படுகிறது. நாடா வெட்டும் திகதியும் பேசப்படுகிறது. மார்கழி மாதத்து வடகீழ்ப் பருவமழை குடாவை மூடி, ஐந்நூறு அடியில் மேகம் கவிந்து, காற்று நிமிஷத்துக்கு நிமிஷம் திசை மாறும் ஓர் இரவில், இந்த இடத்தை ஒருபோதும் கண்டிராத ஒரு விமானிக்கு இங்கிருந்து கிடைக்கப்போகும் உதவி என்ன என்பது பேசப்படுவதில்லை.

எனவே இந்த மாவட்டத்து மக்கள் பிரதிநிதிகளிடம் நான் கேட்பவை இவை. கருவி இறங்குமுறைச் சாதனமும், அதைக் குறித்த காலத்தில் விமானத்தில் பறந்து பரிசோதிக்கும் ஏற்பாடும், அதற்கான வருடாந்தப் பணமும் உறுதியாகாமல் பெரிய ஜெட் ஒன்றேனும் இரவில் இங்கே இறங்க அனுமதி பெறக்கூடாது. விமானம் சொல்லும் தூரத்தை மாத்திரம் நம்பாமல் அது இருக்கும் இடத்தைத் தாமே காணக்கூடிய ராடர் வசதி கட்டுப்பாட்டாளருக்கு இருக்கவேண்டும். இல்லாதவிடத்து, கரையோரத்தைக் கடந்துவிட்டது என்பது வேறொரு வழியால் நிச்சயமாகும்வரை பத்திரமான உயரத்துக்குக் கீழே அனுமதி கொடுக்கக்கூடாது. இந்த நாட்டில் இறங்கும் எந்த நிறுவனத்தின் கப்டனும் மேலெழுந்து சுற்றிவந்த காரணத்துக்காக ஒருபோதும் விளக்கம் கேட்கப்படமாட்டார் என்பதை அந்த நிறுவனங்கள் எழுத்தில் கொடுக்கவேண்டும். தம் கண்முன் நடந்த பிழையை அஞ்சாமல் அறிவிக்கும் துணை விமானிக்கும், பழுதான சாதனத்தைப் பற்றி முறையிடும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் சட்டத்தின் காவல் வேண்டும்.

இவற்றோடு மற்றொன்றும் கேட்கிறேன். செலவு மிகக் குறைந்தது அதுவே. விபத்து விசாரணை அறிக்கைகள் ஆங்கிலத்திலே எழுதப்பட்டு, அதனை அறிந்த சிலருடைய அலுமாரிகளில் தங்கிவிடுகின்றன. சப்த கன்னியர் மலையடிவாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள், தம் ஊரின் மலையில் 191 பேர் எதனால் இறந்தார்கள் என்பதைத் தம் தாய்மொழியில் படித்தறிய வழியில்லை. கட்டுநாயக்காத் தென்னந்தோட்டத்தின் அயலில் வாழும் சிங்களக் குடும்பங்களுக்கும் வழியில்லை. அவ்விரண்டு அறிக்கைகளையும், ஐஸ்லாந்து நாட்டவரின் மறுப்புரையையும், இனிமேல் எழுதப்படும் ஒவ்வோர் அறிக்கையையும் தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக மொழிபெயர்த்து, மாவட்ட நூலகங்கள் அனைத்திலும் வைக்கவேண்டும். சீனக்குடாவுக்குப் பெரிய விமானங்களைக் கொண்டுவரும் திட்டம் எதுவாயினும், அதன் பாதுகாப்பு ஆய்வும் அவ்வாறே மூன்று மொழிகளிலும் வெளியாகி, கிண்ணியாக்காரரும் தம்பலகாமத்தாரும் படித்து, கேள்வி கேட்டு, மறுமொழி பெற்ற பின்னரே கையொப்பத்துக்குப் போகவேண்டும்.